திருகோணமலைக் கடற்படைத் தளமும் உபரிப் பெறுமதியும்

தொழிலாளி தன் கூலிக்கு ஈடான பெறுமதியை வேலைநாளின் ஒரு பகுதியிலேயே ஆக்கிவிடுகிறான். எஞ்சிய நேரத்து உழைப்பின் விளைவே உபரிப் பெறுமதி. 1867இல் வெளிவந்த மார்க்சின் 'மூலதனம்' முதலாம் பாகத்தின் மையக் கருத்து இதுவாகும். எட்டு மணி நேர வேலையில் நான்கு மணி கூலிக்கு ஈடாயின், ஏனைய நான்கும் முதலாளிக்குரியன.

இவ்வளவுகோல் திருகோணமலைக்கு எவ்வாறு பொருந்தும்? 1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும்வரை, இந்நகரத்தார் பலருக்கு வேலை தந்தது பிரித்தானியக் கடற்படையே. அங்கு கப்பல்களைச் செப்பனிட்டவரும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் உழைத்தவரும் சந்தைக்கெனப் பண்டம் எதனையும் ஆக்கவில்லை. அவர்தம் கூலி மூலதனத்திலிருந்தன்றி, பிரித்தானிய அரசின் வருவாயிலிருந்தே வந்தது. ஆகவே மார்க்சின் வரைவிலக்கணப்படி அவர்கள் உபரிப் பெறுமதியைப் படைத்தவரல்லர்.

இதனால் அங்கு சுரண்டல் நிகழவில்லை என முடிவு செய்தலாகாது. கூலிக்கு மேற்பட்ட உழைப்பை அவர்களும் அளித்தனர். அது பண்டமாகாது படைவலிமையாயிற்று. மலையகத் தேயிலைத் தோட்டங்களிற் பிழியப்பட்ட உபரி இலண்டனை அடைந்த கடல்வழியை அவ்வலிமையே காத்தது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசியமை அதன் முக்கியத்துவத்துக்குச் சான்றாகும்.

1980இல் சீனக்குடாவில் பிரிமா கோதுமை மா ஆலை இயங்கத் தொடங்கியது. அங்கு உழைப்பை வாங்குவது தனியார் மூலதனம். மார்க்சின் கணக்கு நேரடியாகவே பொருந்தும். ஆயின் அக்கணக்கை மட்டும் கொண்டு அளப்போமாயின், தளத்தில் உழைத்த முந்திய தலைமுறையினர் வரலாற்றின் ஏட்டில் இடம்பெறாமலே போய்விடுவர்.