கண்டெடுத்த ஏடும் இணையச் சான்றும்

சென்னை விமான நிலையத்தை அடுத்து, பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் அருகே அமைந்த ஊர் பொழிச்சலூர். இவ்வூரைப் பற்றிக் கல்லூரி மாணவர் ஒருவர் ஆய்வுக்கட்டுரை எழுத முற்படுகிறார் என்று கொள்வோம். இணையத்தில் தேடும் அவருக்கு, பொழிச்சலூர் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது என ஒரு பக்கமும், செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது என மற்றொரு பக்கமும் கூறுகின்றன. இவற்றுள் எது பிழை?

இரண்டும் பிழையல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டத்தின் பெயர்தான் மாறியது. ஆகவே ஒரு பக்கம் எப்போது எழுதப்பட்டது, அதை நாம் எப்போது பார்த்தோம் என்பவை தெரிந்தால்தான் அது சான்றாகும். தெரியாதபோது அது வெறும் செய்தியே.

இணையச் சான்றைக் குறிப்பிடும் முறை மேலைநாட்டார் வகுத்த புதிய சடங்கு என்று நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அம்முறையின் உட்பொருள் இஸ்லாமிய அறிவுமரபுக்கு மிகப் பழையது. செய்தி கொண்டுவருபவன் யாரெனப் பார்த்துத் தெளிவு பெறுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. நபிமொழியோடு அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாதும் சேர்ந்தே வழங்கியது. தொடரில் ஒருவர் விடுபட்டால் அறிவிப்பு வலுவிழந்தது. இடையிலுள்ளவரை மறைத்து, மேலுள்ளவரிடமே நேரில் கேட்டதுபோல் தோன்றச் செய்வதைத் ‘தத்லீஸ்’ என்று பெயரிட்டுக் கண்டித்தனர் ஹதீஸ் கலை அறிஞர்.

ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) திமிஷ்கில் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், ‘முகத்திமா’ என வழங்கும் தம் நூலில், ஹதீஸைப் பெறும் வழிகளை எட்டாக வகுத்தார். ஆசிரியரின் வாயால் கேட்பது முதல் வழி. எட்டாவது ‘விஜாதா’, அதாவது கண்டெடுத்தல். ஒருவர் கைப்பட எழுதிய ஏடு நமக்குக் கிடைக்கிறது. அவரிடம் நாம் பாடம் கேட்டதில்லை. அறிவிக்கும் அனுமதியாகிய இஜாஸத்தும் பெறவில்லை. அப்போது ‘அவர் எனக்கு அறிவித்தார்’ என்று சொல்லலாகாது. ‘அவருடைய கையெழுத்தில் கண்டேன்’ என்றே சொல்ல வேண்டும். கையெழுத்து அவருடையதுதான் என்ற உறுதி இல்லையெனில் அதையும் சொல்லிவிட வேண்டும். மூலத்தோடு ஒப்புநோக்கப்படாத பிரதியிலிருந்து எடுப்பவர், ‘இந்நூலின் ஒரு பிரதியில் இவ்வாறு கண்டேன்’ என்ற அளவில் நிற்க வேண்டும். இவ்விதியில் தம் காலத்தவர் அலட்சியம் காட்டுவதையும் இப்னுஸ் ஸலாஹ் அன்றே குறைப்பட்டுக்கொண்டார்.

இணையத்தில் நாம் பெறுவன யாவும் விஜாதாவே. எழுதியவரை நாம் அறியோம். பக்கம் கண்ணில் பட்டது, அவ்வளவே. ஆய்வாளர் சொல்லத்தக்கதும் அந்த அளவுதான்: இன்னாருடைய பெயரில், இன்ன தலைப்பில், இன்ன தளத்தில், இன்ன முகவரியில், இன்ன நாளில் கண்டேன்.

நமது இலக்கியத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஏட்டுச் சுவடிகளில் வழங்கி, 1842இல் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால் அச்சேறியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் அதனை மின்பதிப்பாகவும் தந்துள்ளது. அத்திட்டத்தின் நூல்களுடைய முகப்பில், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்களைக் காணலாம். அதுவும் ஒரு சிறிய இஸ்னாதே. மின்பதிப்பில் படித்துவிட்டு, அச்சுநூலைப் புரட்டியதுபோல் அடிக்குறிப்பு எழுதுவது, இந்த மனிதர்களை மறைப்பதாகும். முன்னோர் தத்லீஸ் என்றது இதைத்தான்.

மின்பதிப்புக்குப் பக்க எண் இல்லையே எனத் தயங்க வேண்டியதில்லை. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் காண்டப் பெயரும், படலப் பெயரும், பாடல் எண்ணும் தந்தால் எப்பதிப்பிலும் தேடிக்கொள்ளலாம். ஹதீஸ் நூல்களுக்கு எண் மட்டும் போதாது. ஸஹீஹ் முஸ்லிமின் எண்வரிசை பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவதால், நூலின் பிரிவு, பாடம் ஆகியவற்றோடு எவருடைய எண்வரிசை என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

மெய்ப்பும் இன்றியமையாதது. ஒருங்குறி பரவும் முன்னர்த் தமிழ்ப் பக்கங்கள் பல்வேறு எழுத்துரு முறைகளில் இருந்தன. ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகையில் எழுத்துகள் சிதைந்ததுண்டு. மூலத்தோடு ஒப்பிடுவதை ‘முகாபலா’ என்று முன்னோர் கட்டாயமாக்கியது போல, மேற்கோளாகும் வரியையேனும் அச்சுப்பிரதியோடு ஒப்பிடுவது ஆய்வாளரின் கடமை.

ஏட்டைச் செல் அரிக்கும். இணையப் பக்கம் சுவடின்றி மறையும். இலட்சக்கணக்கானோர் பக்கம் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சுட்டிய இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, சுட்டப்பட்ட செய்திக்கு இட்டுச் செல்லவில்லை என 2014இல் ஹார்வர்டு சட்ட அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எம்.எல்.ஏ. நடைக் கையேடு 2009இல் முகவரி கட்டாயமன்று என்றது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பு அதனை மீண்டும் பரிந்துரைத்தது. வல்லுநரும் தடுமாறிய இடம் இது. ஆகையால் முகவரியோடு நில்லாமல், 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்துள்ள வேபேக் மெஷின் போன்ற காப்பகத்தில் அப்பக்கத்தைச் சேமித்து, அம்முகவரியையும் தருவது நன்று. ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் தளம் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனி எண் வழங்குகிறது. அவ்வெண்ணைக் குறித்தால், முகவரி மாறினும் ஆவணம் கிடைக்கும்.

இவ்வளவு பேணுதல் எதற்கு? இட்டுக்கட்டப்பட்ட நபிமொழிகள் நூற்பெயரும் எண்ணும் ஒட்டப்பட்டுக் கைபேசிகளில் உலவுகின்றன. கேட்ட மாத்திரத்தில் கட்டுரை தரும் கணிப்பொறிகள், இல்லாத நூலுக்கும் ஆசிரியரும் ஆண்டும் தந்துவிடுகின்றன. நம் ஊர்களின் வரலாற்றை, பள்ளிவாசல்களின் தொன்மையை, புலவர்களின் காலத்தை நாமே இத்தகைய சான்றுகளால் எழுதினால், ஒரு பொய்ச்சான்று வெளிப்படும் நாளில் அதனோடு மெய்ச்சான்றுகளும் சேர்ந்தே தள்ளுபடியாகும். ஹதீஸ் கலையில் பொய்யன் என்று அறியப்பட்டவரின் ஏனைய அறிவிப்புகளும் கைவிடப்பட்டதை நாம் மறக்கலாகாது.

பொழிச்சலூர் மாணவர் செய்யத்தக்கது எளிது. இரு பக்கங்களையும் தாம் பார்த்த நாளோடு குறித்து, ஒன்று 2019க்கு முன்னைய நிலையையும் மற்றொன்று பின்னைய நிலையையும் சொல்வதை விளக்கி, அதற்குரிய அரசாணையைத் தேடிப் படித்தால் அதையும் சேர்க்கட்டும். படிக்கவில்லையாயின் படித்ததாகக் காட்ட வேண்டாம். ‘கண்டேன்’ என்பதற்கும் ‘கேட்டேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே வரையறுத்து எழுதிய மரபுக்கு உரியவர்கள் நாம். நம் மாணவர்களின் அடிக்குறிப்புகளிலும் அந்த நேர்மை காணப்பட வேண்டும்.