கவ்வாத்துச் சாமி: மலையகத் தோட்டங்களில் உருவான அடையாளம்

மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழரை 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழரிலிருந்து பிரித்து, 'இந்தியத் தமிழர்' என்று பதிந்தது. பின்னர் வந்த சட்டங்களும் ஒப்பந்தங்களும் அந்தப் பிரிவினை மீதே எழுந்தன. அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களின் வழிபாடு சொல்லும் வரலாறு வேறு.

மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் கடல் கடந்து தொழிலாளரோடு வந்த தெய்வங்கள். கவ்வாத்துச் சாமி அப்படி வந்ததன்று. அது செடியை வெட்டிக் குறுக்கும் வேலைக்குக் காவல் நிற்பது. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதமுனி, பறிக்கும் தளிருக்குக் கொழுந்துச் சாமி. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் பயிரிட்ட பின்னரே தேயிலை இங்கு வணிகப் பயிராகக் காலூன்றியது. ஆகவே கொழுந்துச் சாமியின் பிறந்த ஊர் மலையகமே. இத்தெய்வங்களை ஊர் நினைவின் எச்சம் என்று ஒதுக்குவது பிழை; புதிய மண்ணையும் புதிய வேலையையும் தமக்குரியதாக்கிக்கொண்ட மக்களின் படைப்பு அவை.

வந்தவையும் அப்படியே நீடிக்கவில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள்தோறும் வருகின்றனர். காமன் எரிந்து, மீண்டும் எழுகிறான். காலையில் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்கு ஆள் கூட்டிய தப்புப் பறையே கூத்துக்கும் அடிக்கப்பட்டது. ஆள் திரட்டி மேற்பார்த்த கங்காணிகளின் முறை உறவு வழியாகவும் சாதி வழியாகவும் ஆள் சேர்த்ததால் சாதிப் பிரிவும் லயத்துக்குள் வந்தது. தப்படித்தவரின் கலையைப் போற்றும்போது, அவர்மீது சுமத்தப்பட்ட இழிவை மறைத்தல் ஆகாது.

வெளியிலிருந்து வந்ததை உள்ளூர் வழிபாடு தன்னுள் சேர்த்துக்கொள்வதற்கு, உரோமர் ஆட்சிக்குட்பட்ட கிரேக்க நகரமான எபேசு நல்ல ஒப்பீடு. கி.பி. 104இல் சலுத்தாரிஸ் என்னும் உரோமக் குடிமகன் நிறுவிய அறக்கட்டளையின்படி ஆர்ட்டெமிஸ் தேவியின் உருவங்களோடு பேரரசர் திராஜனின் உருவமும், நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் அந்திரோக்ளஸின் உருவமும் ஊர்வலமாகச் சென்றன. ஆள்வோரின் உருவம் உள்ளூர்த் தேவியின் பாதையில் நடந்தது. ஆனால் அதை ஏற்று முடிவெடுக்க எபேசு மக்களுக்குச் சொந்த மன்றம் இருந்தது. தோட்டத்தை நடத்திய துரையின் அதிகாரத்துக்குக் கீழிருந்த லயத்துக்கு அப்படி எதுவும் இல்லை. வழிபாடும் கூத்துமே லயத்து மக்கள் கைவசம் இருந்த பொதுவெளி.

குடியுரிமையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. கி.பி. 212இல் பேரரசர் கரகல்லாவின் ஆணை பேரரசின் சுதந்திர மக்களில் ஏறத்தாழ அனைவருக்கும் உரோமக் குடியுரிமை வழங்கியது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் தீர்க்க விட்டது. 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். யாருடைய தெய்வம் எந்த மலையில் பிறந்தது என்று எந்தப் பேச்சுவார்த்தையும் கேட்கவில்லை. எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது.

'மலையகத் தமிழர்' என்னும் பெயர் இதற்கிடையே அம்மக்களின் எழுத்திலும் அரசியலிலும் வேரூன்றியது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ, நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 'இந்தியத் தமிழர்' என்ற பழைய தலைப்பின் கீழேயே எண்ணப்பட்டனர்.