பள்ளியை ஆளும் கைகள்

திருவண்ணாமலை என்றதும் அண்ணாமலையார் கோயிலும் கார்த்திகைத் தீபமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூர்ப் பக்கத்துப் பொதுப் பள்ளிகளை யார் நடத்தி வந்தார்கள் என்பதைப் பற்றி இன்று நான் பேச விரும்புகிறேன்.

1886-இல் இவ்வூரில் நகராட்சி அமைந்தது. சாலை, விளக்கு ஆகியவற்றோடு தொடக்கக் கல்வியும் அக்கால நகராட்சிகளின் கடமையாயிற்று. கிராமங்களில் ஜில்லா போர்டு அப்பொறுப்பை ஏற்றது. 1920-ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், கல்விக்கெனத் தனி வரி விதிக்கவும் இவற்றுக்கு வழி செய்தது. வரி கொடுத்தவர் கேள்வி கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவரும் உள்ளூரிலேயே இருந்தார். இது அம்முறையின் சிறப்பு. வருவாய் குன்றிய இடத்தில் பள்ளியும் மெலிந்தது. இது அதன் குறை.

பின்னர், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுந்த ஊராட்சி ஒன்றியங்கள் கிராமத் தொடக்கப் பள்ளிகளை ஏற்றன. 1981-இல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆயினர். ஊதியம் உறுதிப்பட்டது, அதிகாரமோ ஊரைவிட்டுச் சென்னைக்கு நகர்ந்தது. 1989-இல் தனி மாவட்டம் பிறந்தது. இன்று முதன்மைக் கல்வி அலுவலர் மாவட்டத்திலும், வட்டாரக் கல்வி அலுவலர் வட்டாரத்திலும் அரசின் சார்பில் மேற்பார்வை செய்கின்றனர்.

அப்படியானால் கூரை ஒழுகும்போது ஊரார் வாய் திறக்க இடமுண்டா? உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை வகுத்தது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வரைவது அக்குழுவின் கடமை. பணம் அரசினுடையது, விழிப்பு ஊராருடையது. இரண்டில் ஒன்று தவறினாலும் பள்ளி தளரும்.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டறியுங்கள். குடியாட்சிப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.