பரப்பளவு கற்பித்தல்

பரப்பளவு கற்பித்தல் என்பது ஒரு வடிவம் அடைக்கும் தளத்தின் அளவைக் கண்டறியத் தொடக்கப்பள்ளி மாணவர்களைப் பயிற்றும் கணிதப் பாடப்பகுதி ஆகும்.

கற்பிக்கும் முறை

முதலில் வடிவத்தை இடைவெளியின்றி ஓரலகுச் சதுரங்களால் நிரப்பி எண்ணுவர். வரிசைக்கு 4 வீதம் 3 வரிசைகள் எனில் பரப்பளவு 12 சதுர அலகுகள். இதிலிருந்தே நீளம் × அகலம் என்னும் வாய்பாடு பெறப்படுகிறது. தேயிலை போன்ற ஒழுங்கற்ற வடிவங்களைக் கட்டத்தாளில் வரைந்து, பாதிக்கு மேல் நிரம்பிய கட்டங்களை ஒன்றாகக் கொண்டு, பாதிக்குக் குறைந்தவற்றை விட்டுவிடுவர்.

பொதுவான பிழை

பலர் பரப்பளவைச் சுற்றளவுடன் குழப்புவர். 6 × 2, 4 × 4 ஆகிய இரண்டின் சுற்றளவும் 16; பரப்பளவுகளோ முறையே 12, 16.

சரிவு நிலம்

நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் மலைச்சரிவில் உள்ளன. நில அளவையில் சரிவின் மேற்பரப்பன்றி, அதன் கிடைத்தள வீழலே பரப்பளவாகக் கொள்ளப்படும். 30 பாகைச் சரிவில் 100 சதுர மீட்டர் மேற்பரப்பு, நிலப்படத்தில் ஏறத்தாழ 86.6 சதுர மீட்டர் ஆகும். எனவே சரிவில் அளவு நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்தே அளத்தல் வேண்டும்.