பந்து வராத பீல்டரின் பணி: பேஸ்பாலில் தளக்காப்பும் பேக்கப்பும் கற்பிக்கும் முறை

பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒன்பது பேரில், அடிக்கப்பட்ட பந்தை எடுப்பவர் ஒருவர். அவர் எறிவதை வாங்குபவர் இன்னொருவர். மீதி ஏழு பேருக்கும் அந்த நேரத்தில் உள்ள வேலைகள் பெரும்பாலும் இரண்டு. ஓட்டக்காரர் வந்து சேரக்கூடிய தளத்துக்கு முன்கூட்டியே போய், எறிதலை வாங்கத் தயாராக நிற்பது தளக்காப்பு. பந்து கைநழுவினாலோ எறிதல் தவறினாலோ அதை நிறுத்துவதற்காக, பந்து வரும் பாதையின் நீட்சியில் நிற்பது பேக்கப். கிரிக்கெட்டில் ஸ்டம்பை நோக்கி வரும் த்ரோவுக்குப் பின்னால் ஆள் நிற்பதும் இதே வேலைதான். ஆனால் பேஸ்பாலில் காக்க வேண்டிய தளங்கள் நான்கு. ஒரே சமயத்தில் மூன்று ஓட்டக்காரர்களும் பேட்டரும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே, ஒவ்வொரு பந்துக்கும் யார் எங்கே போவது என்பது புதிதாகத் தீர்மானிக்கப்பட வேண்டியதாகிறது.

இந்தக் கடமைகளில் தவறும் வீரரைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது பயிற்சி மைதானங்களில் வழக்கம். அந்தப் பார்வை சரியன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். மனப்பாடம் செய்ய முடியாத ஒன்றை மனப்பாடமாகக் கற்பிப்பதும், கற்றதை அளக்காமல் விடுவதும்தான் இத்தவறுகளுக்குப் பெரும்பாலும் காரணம். எறிதலின் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்து, பந்து வராத பீல்டரின் நகர்வையும் பதிவு செய்தால், ஊக்கக் குறைவாகத் தோன்றியதில் பெரும்பகுதி அறிவுக் குறைவே என்பது விளங்கும்.

தூரமும் நேரமும்

முழு அளவு மைதானத்தில் அடுத்தடுத்த தளங்களுக்கு இடையே 90 அடி. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் தளம் வரை 127 அடிக்குச் சற்று மேல். வலக்கை பேட்டர் ஒருவர் பந்தை அடித்துவிட்டு முதல் தளத்தை எட்ட, உயர்மட்ட ஆட்டத்தில் ஏறக்குறைய 4.3 விநாடி ஆகும். மணிக்கு 80 மைல் வேகத்தில் எறியப்படும் பந்தோ 90 அடியை ஒரு விநாடிக்கும் குறைவாகக் கடந்துவிடும். ஆகவே எறிதல் தவறியதைக் கண்ட பிறகு கிளம்பும் பீல்டரால் எந்தப் பயனும் இல்லை. மட்டையில் பந்து பட்ட ஓசையோடு அவர் கிளம்பியாக வேண்டும். பேக்கப் என்பது நடந்த தவறுக்குக் காட்டும் எதிர்வினையன்று. நடக்காமலே போகக்கூடிய ஒரு தவறுக்காக ஒவ்வொரு முறையும் ஓடும் ஓட்டம். நூறில் தொண்ணூறு முறை வீணாகத் தோன்றும் இந்த ஓட்டத்தின் காரணம் புரியாதவர் நாளடைவில் அதை விட்டுவிடுவதில் வியப்பில்லை.

தவறினால் கொடுக்கும் விலையும் கொஞ்சமன்று. உள்களப் பீல்டரின் முதல் எறிதல் ஆட்ட எல்லையைத் தாண்டி வெளியே போய்விட்டால், பந்து வீசப்பட்டபோது இருந்த இடத்திலிருந்து ஒவ்வொருவரும் இரண்டு தளங்கள் முன்னேறலாம் என்பது விதி. முதல் தளத்தில் அவுட் ஆகியிருக்க வேண்டிய பேட்டர் இரண்டாம் தளத்தில் நிற்பார்; முன்பே முதல் தளத்தில் இருந்தவர் மூன்றாம் தளத்துக்குப் போய்விடுவார்.

பேக்கப் நிற்கும் இடத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது தூரம். வாங்குபவரை ஒட்டி நின்றால், அவரைத் தாண்டும் பந்து பின்னால் நிற்பவரையும் தாண்டிவிடும். சுமார் 20 முதல் 30 அடி பின்னால் நிற்பவருக்கே பந்தின் போக்கைப் பார்த்து நகர நேரம் கிடைக்கும். இரண்டாவது கோணம். தளத்துக்குப் பின்னால் நின்றால் மட்டும் போதாது. எறிபவரையும் வாங்குபவரையும் இணைக்கும் கோட்டின் நீட்சியில் நிற்க வேண்டும். முதல் தளத்துக்கு வரும் எறிதல்களே இதற்கு நல்ல சான்று. இரண்டாம் தளக்காரர் எறியும் பந்து தவறினால், ஃபவுல் கோட்டைத் தாண்டி ஹோம் பிளேட் பக்கமாகச் சாய்ந்து ஓடும்; பேட்டருக்கு இணையாகக் கோட்டுக்கு வெளியே ஓடிவரும் கேட்சரே அதை நிறுத்த முடியும். பண்ட் செய்யப்பட்ட (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டப்பட்ட) பந்தை ஹோம் பிளேட் அருகே எடுத்து எறிந்தால், தவறும் பந்து கோட்டை ஒட்டி வலப்புற வெளிக்களத்துக்குள் போகும்; அங்கே முன்னேறி வர வேண்டியவர் வலப்புற வெளிக்களக்காரர். தளம் ஒன்றே, எறியும் இடம் மாறியதும் பேக்கப் செய்யும் ஆளே மாறிவிடுகிறார்.

அட்டவணையின் எல்லை

யார் எங்கே போக வேண்டும் என்பதைப் பயிற்சிக் கையேடுகள் வரைபடங்களாகத் தருகின்றன: இன்ன தளத்தில் ஆள், இன்ன திசையில் அடி, இன்னார் இன்ன இடத்துக்கு என்று. மூன்று தளங்களில் ஆள் இருப்பதும் இல்லாததுமாக 8 நிலைகள். அவுட் எண்ணிக்கையைச் சேர்த்தால் 24. பந்து போகும் பகுதிகளை ஒன்பதாகக் கொண்டால் 216. ஒன்பது பீல்டர்களுக்கும் தனித்தனிக் கடமை என்றால் 1,944 கட்டங்கள். உருண்டு வரும் பந்து, உயரப் பறக்கும் பந்து, பண்ட் ஆகியவற்றைப் பிரித்தால் இது மேலும் பெருகும். பல கட்டங்களில் விடை ஒன்றாகவே இருக்கும் என்றாலும், எவை ஒன்று, எவை வேறு என்பதை அட்டவணை சொல்வதில்லை.

அட்டவணையை வரைந்தவர் அதை மனப்பாடம் செய்து வரையவில்லை. சில கேள்விகளைக் கேட்டு விடை கண்டார். வீரருக்கும் அந்தக் கேள்விகளையே கொடுக்கலாம். அமெரிக்க இளையோர் பயிற்சியில் ‘பந்து, தளம், பேக்கப்’ என்று மூன்று சொற்களில் சுருக்கி வழங்கும் முறை அதுதான். பந்து என்னுடையதா? இல்லையென்றால், எனக்கு அருகில் ஆளில்லாத தளம் உண்டா? அதுவும் இல்லையென்றால், அடுத்த எறிதல் எங்கே போகும், அது தவறினால் எங்கே ஓடும்? கேள்விகளின் வரிசை முக்கியம். முன்னதற்கு ‘இல்லை’ என்ற பிறகே பின்னதற்கு வர வேண்டும்.

இரண்டாம் தளத்தில் ஓட்டக்காரர் இருக்க, இடப்புற வெளிக்களத்துக்கு ஒற்றை அடி போவதாகக் கொள்வோம். பந்து இடப்புற வெளிக்களக்காரருடையது. ஓட்டக்காரர் ஹோம் பிளேட்டுக்கு ஓடுவதால் எறிதலும் அங்கேதான் வரும். நீண்ட எறிதலை நடுவழியில் வாங்கித் திருப்பிவிடும் கட்-ஆஃப் ஆளாக மூன்றாம் தளக்காரர் அந்தக் கோட்டுக்குப் போகிறார். அவர் விட்டுச்சென்ற மூன்றாம் தளத்தை, இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் காக்கிறார். முதல், இரண்டாம் தளங்களில் அவற்றுக்கு உரியவர்கள். ஹோம் பிளேட்டில் கேட்சர். பிட்சருக்குப் பந்தும் இல்லை, தளமும் இல்லை. ஆகவே ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், எறிதலின் கோட்டில் அவர் நிற்க வேண்டும். நடு வெளிக்களக்காரர் பந்தை எடுப்பவருக்குப் பின்னால் ஓடுகிறார். வலப்புற வெளிக்களக்காரர் சும்மா நிற்கலாமா என்றால், கூடாது. பேட்டர் இரண்டாம் தளத்துக்கு ஓட முயன்றால் எறிதல் அங்கே திரும்பும். தவறினால் அது வலப்பக்கமே போகும். அவர் அந்தக் கோட்டை நோக்கி முன்னேறி வர வேண்டும். மூன்று கேள்விகளால் ஒன்பது பேருக்கும் வேலை பிறந்துவிட்டது.

2001 அக்டோபர் 13 அன்று ஓக்லண்டில் நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில் டெரெக் ஜீட்டர் செய்தது பலராலும் மேதைமையின் சான்றாகவே பேசப்படுகிறது. நியூயார்க் யாங்கீஸ் 1-0 என முன்னிலையில் இருந்த ஏழாவது இன்னிங்ஸ் அது. வலப்புற மூலையிலிருந்து ஷேன் ஸ்பென்சர் எறிந்த பந்து, வழியில் நின்ற கட்-ஆஃப் ஆட்கள் இருவரின் தலைக்கும் மேலே போனது. ஷார்ட்ஸ்டாப்பான ஜீட்டர் மைதானத்தின் குறுக்கே ஓடி, முதல் தளக் கோட்டருகே அதை எடுத்துப் பக்கவாட்டில் தட்டிவிட, கேட்சர் ஹோர்ஹே பொசாடா, ஹோம் பிளேட்டுக்கு ஓடிவந்த ஓக்லண்ட் வீரர் ஜெரெமி ஜியாம்பியைத் தொட்டு அவுட் ஆக்கினார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. இது பயிற்சியில் ஒத்திகை பார்த்த நகர்வே என்று அந்த அணியினர் பின்னர் விளக்கினர். ஷார்ட்ஸ்டாப்புக்கு அப்போது பந்தும் இல்லை, அவசரமாகக் காக்க வேண்டிய தளமும் இல்லை. எஞ்சியது எறிதலின் கோடு. பந்தைத் தட்டிவிட்ட லாகவம் தனித்திறமைதான். ஆனால் அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தது மூன்றாவது கேள்வி.

முதல் தளத்துக்கு ஓடும் பிட்சர்

எளிதாகத் தோன்றி அடிக்கடி தவறும் தளக்காப்பு, பிட்சர் முதல் தளத்துக்கு ஓடுவது. மைதானத்தின் வலப்பாதிக்குப் போகும் ஒவ்வொரு தரைப்பந்துக்கும், எடுப்பவர் யாராக இருந்தாலும், பிட்சர் அத்திசையில் கிளம்ப வேண்டும். நேராகத் தளத்தை நோக்கி ஓடினால் பேட்டரின் பாதையைக் குறுக்கே வெட்டி மோத நேரும். ஆகவே தளத்துக்குச் சுமார் 10 முதல் 15 அடி முன்பாக ஃபவுல் கோட்டருகே வந்து, பிறகு அதற்கு இணையாகத் திரும்பி ஓட வேண்டும். பந்தைத் தளத்துக்கு இரண்டு மூன்று எட்டு முன்பே வாங்கிவிட வேண்டும். பிறகு கண்ணைத் தளத்துக்குத் திருப்பி, அதன் உள்விளிம்பை வலக்காலால் மிதித்து, உடனே களத்தின் உட்பக்கமாக விலக வேண்டும். உள்விளிம்பை மிதிப்பதால் பேட்டரின் கால் படாது. உட்பக்கம் திரும்புவதால் அடுத்த ஓட்டக்காரர் கண்ணில் படுவார்.

2024 அக்டோபர் 30 அன்று நடந்த உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம் இதன் அருமையைக் காட்டியது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக யாங்கீஸ் 5-0 என முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் இரு பீல்டிங் பிழைகளால் மூன்று தளங்களிலும் ஆள் நிறைந்த பிறகு, யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோல் அடுத்த இருவரை ஸ்டிரைக்-அவுட் செய்தார். அடுத்து டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் அடித்த பந்து முதல் தளக்காரர் ஆந்தனி ரிஸோவிடம் உருண்டது. கோல் முதல் தளத்துக்குப் போகாமல் நின்று கையால் அதைச் சுட்டிக்காட்டினார். ரிஸோவால் பெட்ஸை முந்த முடியவில்லை. இன்னிங்ஸ் முடிந்திருக்க வேண்டிய இடத்தில் ஐந்து ரன்கள் வந்தன. டாட்ஜர்ஸ் 7-6 என வென்று தொடரையும் கைப்பற்றியது. கோல் போன்ற அனுபவசாலிக்கு விதி தெரியாமலில்லை. பந்தை எடுக்கலாமா, தளத்துக்கு ஓடலாமா என்ற ஊசலாட்டத்தில் முதல் எட்டு தவறினால் மீட்க நேரம் இல்லை. எடுக்க முடியுமா என்பதை ஓடிக்கொண்டே தீர்மானிக்கும் பழக்கமே இதற்கு மருந்து.

கற்பிக்கும் வரிசை

விளையாட்டைக் கற்பிப்பதில் தந்திரப் புரிதலுக்கு முதலிடம் தர வேண்டும் என்ற கருத்தை டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும் 1982இல் முன்வைத்தனர். திறனைத் தனியே தேற்றிவிட்டுப் பிறகு ஆட்டத்தில் சேர்ப்பதற்குப் பதிலாக, ஆட்டத்தின் சிக்கலை முதலில் காட்டி, அதற்குத் தேவையான திறனைப் பின்னர் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. பேக்கப்புக்கு இது நன்றாகப் பொருந்தும். இதில் கைத்திறன் குறைவு, கணிப்பு மிகுதி.

முதல் கட்டத்தில் பந்தே வேண்டாம். பயிற்சியாளர் நிலையைச் சொல்லி ஒரு பகுதியைச் சுட்ட, ஒன்பது பேரும் நடந்து இடம் சேர்வார்கள். ஒவ்வொருவரும் தம் வேலையைப் பந்து, தளம், பேக்கப் என்ற மூன்றில் ஒன்றாக உரக்கச் சொல்வார்கள். இரண்டாம் கட்டத்தில் பந்தைக் கையால் உருட்டிவிட்டு, இடையில் ‘நில்’ என்று கட்டளையிட வேண்டும். எறிபவரிடமிருந்து வாங்குபவர் வழியாக ஒரு கயிற்றை நீட்டிப் பிடித்தால், பேக்கப் நிற்பவர் கோட்டில் இருக்கிறாரா என்பது அவர் கண்ணுக்கே தெரியும். மூன்றாம் கட்டத்தில் ஓட்டக்காரர்களோடு, பயிற்சிக்கான ஃபங்கோ மட்டையால் அடித்து, சில எறிதல்களை வேண்டுமென்றே தவறவிடச் செய்ய வேண்டும். தவறாத எறிதலில் பேக்கப்பின் பயன் புலப்படுவதில்லை. நான்காவது, முழு ஆட்டம்.

ஒரே நிலையைத் திரும்பத் திரும்ப ஆடுவதா, கலந்து ஆடுவதா என்பது அடுத்த கேள்வி. 1979இல் ஷியாவும் மோர்கனும் கையசைவுப் பணிகளில் நடத்திய சோதனையில், கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினாலும் பத்து நாள் கழித்துச் சிறப்பாக நினைவில் வைத்திருந்தனர். 1994இல் கல்லூரிப் பேஸ்பால் வீரர்களின் பேட்டிங் பயிற்சியிலும் இதே போக்கு காணப்பட்டது. இவை பேக்கப்பை நேரடியாக ஆராய்ந்தவை அல்ல. ஆயினும் ஆட்டத்தில் ஒரே நிலை அடுத்தடுத்து வருவது அரிது என்பதால், மூன்றாம் கட்டத்திலிருந்து கலந்து பயிற்றுவதே பொருத்தம். முதல் நாட்களில் குழப்பம் கூடும். அதைக் கண்டு அட்டவணைக்குத் திரும்பிவிடக் கூடாது.

சில கடமைகளை ஆட்டத்தின்போதே பேசி முடிக்க வேண்டும். முதல் தளத்து ஓட்டக்காரர் இரண்டாம் தளத்தைத் திருட முயலும்போது அதைக் காப்பவர் ஷார்ட்ஸ்டாப்பா, இரண்டாம் தளக்காரரா என்பது பேட்டரைப் பொறுத்தது. வலக்கை பேட்டர் என்றால் வழக்கமாக இரண்டாம் தளக்காரர். இடக்கை பேட்டர் என்றால் ஷார்ட்ஸ்டாப். இருவரில் ஒருவர் கையுறையால் முகத்தை மறைத்து, வாயை மூடிக் காட்டினால் ‘நான்’, திறந்து காட்டினால் ‘நீ’. மற்றவரும் நடு வெளிக்களக்காரரும் பேக்கப்புக்குப் போவார்கள்.

பதிவும் மதிப்பீடும்

பந்து வராத பீல்டரின் தவறு ஸ்கோர் ஏட்டில் ஏறுவதில்லை. மேஜர் லீக் விதிகளில் பிழைகளை வரையறுக்கும் 9.12, கணிப்புத் தவறுகளைப் பொதுவாகப் பிழையாகக் கொள்வதில்லை. தரைப்பந்தில் பிட்சர் முதல் தளத்தைக் காக்கத் தவறினாலும் பிழை குறிக்கக் கூடாது என்று அதன் விளக்கக் குறிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. பெட்ஸின் அடி ஏட்டில் ஓர் ஒற்றை அடியாகவே பதிவானது. சரியான இடத்துக்கு ஓடி, தேவைப்படாமல் திரும்பியவரின் உழைப்புக்கும் அங்கே இடமில்லை.

உடற்கல்வித் துறையில் இதற்கு ஒரு கருவி உண்டு. ஆஸ்லின், மிட்செல், கிரிஃபின் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆட்டத்திறன் மதிப்பீட்டு முறை, முடிவெடுத்தல், திறன் செயல்பாடு ஆகியவற்றோடு, பந்தை ஆடும் சக வீரருக்குத் தற்காப்பில் துணைநிற்பதையும் தனிக் கூறாக எண்ணுகிறது. பேஸ்பாலுக்கு இதைச் சுருக்கலாம். ஒரு பீல்டரைத் தேர்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் மூன்று குறிகள் இடலாம்: மட்டையோசையோடு கிளம்பினாரா, சரியான வேலையைத் தேர்ந்தாரா, கோட்டில் உரிய தூரத்தில் நின்றாரா. முதல் குறி தவறினால் கவனக் குறை. இரண்டாவது தவறினால் கேள்விகளின் வரிசை புரியவில்லை. மூன்றாவது தவறினால் கோணமும் தூரமும் கற்பிக்கப்பட வேண்டும். ‘சோம்பேறி’ என்ற ஒரே வசைக்குள் மூன்று வெவ்வேறு குறைகள் கலந்து கிடந்தது இப்போது பிரிந்து தெரியும்.

இம்முறைக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். சிறுவர்களுக்கு இது சுமை என்பது ஒன்று. 60 அடித் தளங்களில் ஆடும் தொடக்க வயதினருக்கு ‘பந்து’, ‘தளம்’ என்ற முதல் இரண்டு கேள்விகளே போதும். மூன்றாவதைப் பின்னர் சேர்க்கலாம். உயர்மட்ட அணிகளே அட்டவணைகளை வைத்திருக்கின்றன என்பது மற்றொன்று. உண்மைதான். பண்ட் தடுப்பில் முதல், மூன்றாம் தளக்காரர்கள் இருவரும் முன்னே பாய்வது போன்ற ஏற்பாடுகளை முன்பே வகுத்துக்கொள்ளாமல் முடியாது. ஆனால் அங்கே அட்டவணை, கேள்விகளைக் கற்றவர்களுக்கிடையே செய்துகொண்ட ஒப்பந்தம். கற்காதவருக்கு அது வெறும் பட்டியல். ஆகவே கேள்விகள் முதலில், கலந்த பயிற்சியும் பதிவும் அடுத்து, அணிக்குரிய அட்டவணை இறுதியில் என்ற வரிசையே பொருத்தமானது.