நீர்பாய்ச்சி

நீர்பாய்ச்சி என்பவர் கண்மாய் நீரைக் காத்து, அதன் பாசனத்துக்கு உட்பட்ட ஆயக்கட்டு வயல்களுக்கு முறைவைத்துப் பாய்ச்சும் ஊர்ப் பணியாளர். இவரை நீர்க்கட்டி என்று அழைக்கும் வட்டாரங்களும் உண்டு.

சூழல்: நீர்பாய்ச்சியின் தேவையை உணர்த்தும் பகுதிகளுள் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள இலுப்பூர் வட்டம். இது வறண்ட நிலப்பகுதி, வற்றாத ஆறு இங்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைக் கண்மாய், குளங்களில் தேக்கியே இவ்வட்டத்து உழவர்கள் நெல் விளைவித்தனர்.

பணிகள்: மழைக்கு முன் வரத்துக்கால் தூர்வார ஊராரைக் கூட்டுவது, மழைக்காலத்தில் கரையில் உடைப்பு ஏற்படாமல் இரவும் பகலும் காவல் இருப்பது, கலிங்கு வழியே மிகைநீர் தடையின்றி வெளியேறுகிறதா என்று பார்ப்பது, மடை திறந்து அடைப்பது ஆகியவை இவர் பொறுப்பு. தண்ணீர் குறையும்போதுதான் இவர் திறமை வெளிப்படும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்பதை ஊர் முடிவுப்படி நடத்துவார். அந்த நாட்களில் வயல்காரர் தாமாக மடையில் கைவைக்க முடியாது.

குமிழி: புதுக்கோட்டைப் பகுதியின் பழைய கண்மாய்களில், கரையை விட்டுத் தள்ளி நீருக்குள் இரு கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். இது குமிழித் தூம்பு என்னும் மடை. அடியில் உள்ள தொட்டியின் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால், நீர் சுருங்கை என்னும் நிலத்தடிக் கால்வாய் வழியே கரையைக் கடந்து வாய்க்காலுக்குச் செல்லும். தொட்டியின் கீழ்த்துளைகள் வண்டலையும் சேர்த்து இழுத்துச் செல்லும். கண்மாய் நிறைந்திருக்கும்போது நீர்பாய்ச்சி நீந்திச் சென்று குமிழியைத் திறக்க வேண்டும். தூம்பு அமைத்தவர் பெயரைத் தூணிலேயே பொறித்த கல்வெட்டுகளும் இம்மாவட்டத்தில் கிடைத்துள்ளன.

ஊதியமும் நிலையும்: அறுவடைக் களத்தில், அவரவர் நில அளவுக்கேற்ப ஆயக்கட்டுதாரர்கள் இவருக்கு நெல் அளந்தனர். சில ஊர்களில் மானிய நிலமும் இருந்தது. தமிழகத்தில் இப்பணியைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சமூகத்தினர், வழிவழியாகச் செய்துவந்தனர்.

இன்றைய நிலை: 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களிடமும், பெரியவை நீர்வளத் துறையிடமும் உள்ளன. பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டம் 2000-இல் நிறைவேறியது. ஊரார் பங்கேற்பில் நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டம் 2017-இல் புத்துயிர் பெற்றது. ஆனால் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியதும், சீமைக்கருவேலம் மண்டியதும், களத்து நெல் வழக்கம் குன்றியதும் நீர்பாய்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. தூர்வாரும் திட்டங்கள் கண்மாயின் கொள்ளளவை மீட்கலாம். ஆனால் தேங்கிய நீரைப் பகிர்ந்தளிக்க, ஊர் ஏற்கும் ஒருவர் எப்போதும் தேவை.