293318625600 (எண்)

293318625600 என்பது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. சீனிவாச ராமானுஜன் ஆராய்ந்து புகழ்பெறச் செய்த ‘உயர்பகு எண்’ வகையைச் சேர்ந்தது. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்ணே உயர்பகு எண். 12 அப்படிப்பட்டது. அதற்கு ஆறு வகுத்திகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது.

இதன் பகாக் காரணிகள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. 

1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். 23-இல்தான் முதல் தடை. 2520-இன் வர்க்கத்தை 46189-ஆல் பெருக்கினாலும் இதே எண் கிடைக்கும். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணான 2520-உம் ஓர் உயர்பகு எண்ணே.

இந்த எண்ணின் அழகு முழுதும் தெரிவது வகுத்திகளின் எண்ணிக்கையைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகும்போதுதான். இதற்கு 5040 வகுத்திகள், 5040-க்கு 60, 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. இவை அனைத்தும் உயர்பகு எண்கள். 4-க்கு மூன்று வகுத்திகள் என்னும் இடத்தில்தான் சங்கிலி அறுபடுகிறது.

உயர்பகு எண்களின் வரிசையில் இதற்கு முன்னால் நிற்பது 240940299600 (4800 வகுத்திகள்). பின்னால் வருவது 321253732800 (5376 வகுத்திகள்). அண்டை எண்கள் இரண்டிலும் 23 ஒரு காரணி. 7 ஒரே முறைதான் வருகிறது. நடுவில் உள்ள இதில் 23 இல்லை, 7 இரண்டு முறை வருகிறது. 23-ஆல் வகுபடாத உயர்பகு எண்களில் இதுவே கடைசி. இதற்குமேல் எவ்வளவு தூரம் போனாலும் ஒவ்வோர் உயர்பகு எண்ணிலும் 23 இருக்கும்.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். உயர்பகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது. இதற்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. உயர்பகு எண்ணின் மிகப் பெரிய பகாக் காரணி ஒரே முறைதான் வரும், 4-உம் 36-உம் மட்டுமே விலக்கு என்று அதில் நிறுவினார். சங்கத்தின் பணநெருக்கடியால் அச்சேறாமல் நின்ற கட்டுரையின் ஒரு பகுதி 1997-இல் ஆய்விதழில் வெளிவந்தது.

1915-ஆம் ஆண்டுக் கட்டுரையில் 6746328388800 வரையிலான உயர்பகு எண்களின் அட்டவணை உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட அதில் விடுபட்டது 293318625600 ஒன்றே. கணினி இல்லாத காலத்தில் இத்தனை எண்களில் ஒன்று மட்டுமே தவறியது என்பதே வியப்புக்குரியது. அட்டவணையின் கடைசி எண்ணோ, விடுபட்ட இந்த எண்ணைச் சரியாக 23-ஆல் பெருக்கிக் கிடைப்பது.